வடிவமைப்பு தாளில் இருக்கும்போதே தகவல் பாதுகாப்பு இடர்களைப் பகுத்தாய்வது எப்படி

ஒரு பெரிய அமைப்பைக் கட்டத் தொடங்கும் குழுவிடம் முதல் சில மாதங்களில் ஒரு நோக்கக் குறிப்பும், இரண்டு மூன்று வரைபடங்களும், ஒப்பந்தப்புள்ளிக்கான வரைவு ஆவணமும் மட்டுமே இருக்கும். எந்த சர்வரை வாங்குவது, எந்த இயங்குதளத்தைப் பயன்படுத்துவது, யாருடைய கருவியைக் களத்தில் நிறுவுவது என்பதெல்லாம் அப்போது முடிவாகியிருக்காது. பாதுகாப்புத் துறையில் அன்றாடம் கையாளப்படும் கருவிகளோ பெரும்பாலும் பொருள் கைக்கு வந்த பிறகே பயன்படுபவை. மென்பொருள் ஓட்டைகளைத் தேடும் ஸ்கேனருக்கு ஸ்கேன் செய்ய ஏதேனும் வேண்டும். தாக்குபவரைப் போல நுழைந்து பார்க்கும் ஊடுருவல் சோதனைக்கு இயங்கும் மென்பொருள் வேண்டும். ஆகவே "அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிவைப்பது வழக்கமாகிவிட்டது. அந்தப் ‘பிறகு’ திறப்பு விழாவுக்கு முந்தைய மாதத்தில்தான் வந்து சேர்கிறது. அப்போது எஞ்சியிருக்கும் அவகாசத்தில் கடவுச்சொல் விதிகளையும் ஃபயர்வால் விதிகளையும் திருத்தலாமே தவிர, தவறாகப் போடப்பட்ட கட்டமைப்பை மாற்ற முடியாது.

தொடக்கத்தில் கையில் இல்லாதவற்றை விட்டுவிட்டு இருப்பவற்றைப் பார்த்தால் பகுப்பாய்வுக்குத் தேவையான அளவு கிடைக்கும். அமைப்பு எதற்காகக் கட்டப்படுகிறது, எது நேர்ந்தால் உரிமையாளருக்குத் தாங்க முடியாத இழப்பு, யார் யாருக்குக் கட்டளை இடுகிறார்கள், எந்தத் தகவலை நம்பி அந்தக் கட்டளையை இடுகிறார்கள் ஆகிய நான்கும் முதல் வரைபடம் தயாராகும்போதே தெரிந்துவிடுகின்றன. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பேராசிரியர் நான்சி லெவசன், விபத்துகளுக்கான காரணங்களை முன்கூட்டியே தேடுவதற்காக உருவாக்கிய எஸ்.டி.பி.ஏ. என்ற முறை இவற்றை அடிப்படையாகக் கொண்டது. வில்லியம் யங் அவருடன் சேர்ந்து அதைத் தகவல் பாதுகாப்புக்கு விரிவாக்கினார். இங்கே விளக்கப்படுவது அந்த முறையை ஒட்டியதே. அதன் சடங்குகள் சிலவற்றைச் சுருக்கியும், எனக்குப் பயன்பட்ட சிலவற்றைச் சேர்த்தும் எழுதியிருக்கிறேன்.

எடுத்துக்காட்டாக ஒரு கழிவுநீர்க் கட்டமைப்பு

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், மரூச்சி வட்டாரத்தில் 142 கழிவுநீர் உந்து நிலையங்கள் இருந்தன. ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு சிறிய கணினி இருந்தது. அது மத்திய கட்டுப்பாட்டு அறையிலிருந்து ரேடியோ வழியாகக் கட்டளைகளைப் பெற்று பம்புகளை ஓட்டும், நிறுத்தும்; அலாரங்களைத் திருப்பி அனுப்பும். 2000-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்த நிலையங்களில் விளங்காத கோளாறுகள் தோன்றின. ஓட வேண்டிய பம்புகள் ஓடவில்லை, வர வேண்டிய அலாரங்கள் வரவில்லை, மத்திய கணினிக்கும் நிலையங்களுக்கும் இடையே தொடர்பு அறுந்துகொண்டே இருந்தது. சுமார் 8 லட்சம் லிட்டர் சுத்திகரிக்கப்படாத கழிவுநீர் பூங்காக்களிலும் ஆறுகளிலும் ஒரு சொகுசு விடுதியின் வளாகத்திலும் கலந்தது. முதலில் இவை நிறுவும்போது நேர்ந்த கோளாறுகள் என்றே கருதப்பட்டன. பொறியாளர் ஒருவர் ரேடியோ போக்குவரத்தை முழுமையாகப் பதிவு செய்து பார்த்த பிறகுதான் 14-ஆம் எண் நிலையத்தின் பெயரில் கட்டளைகள் வருவது தெரிந்தது. நேரில் சென்று பார்த்தபோது அந்த நிலையம் ஒழுங்காக இயங்கிக்கொண்டிருந்தது. அமைப்பை நிறுவிய ஒப்பந்த நிறுவனத்தில் மேற்பார்வையாளராக இருந்து 1999 இறுதியில் விலகிய ஒருவர், மடிக்கணினியையும் ரேடியோவையும் காரில் வைத்துக்கொண்டு அந்தக் கட்டளைகளை அனுப்பிக்கொண்டிருந்தார். 2000 ஏப்ரலில் பிடிபட்ட அவருக்கு 2001-இல் 2 ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

பழைய நிகழ்வுதான். ஆயினும் இதில் மென்பொருள் ஓட்டை எதுவும் உடைக்கப்படவில்லை என்பதால் நம் வேலைக்கு மிகவும் பொருந்துகிறது. அமைப்பு எப்படி வடிவமைக்கப்பட்டதோ அப்படியே இயங்கியது. ரேடியோவில் சரியான வடிவத்தில் வந்த கட்டளையை அது நம்பியது, நிறைவேற்றியது. இதே போன்ற அமைப்பை இன்று ஒரு நகராட்சிக்காக வடிவமைக்கிறோம் என்றும் கையில் ஒரு வரைபடம் மட்டுமே இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம்.

இழப்பிலிருந்து தொடங்குங்கள்

முதல் கூட்டத்தில் கணினிகளைப் பற்றிப் பேச வேண்டாம். அமைப்பின் உரிமையாளர் எந்த இழப்புகளை ஏற்க மாட்டார் என்பதை நான்கைந்து வாக்கியங்களில் எழுதி, அதற்கு அவருடைய ஒப்புதலைப் பெறுங்கள். நம் எடுத்துக்காட்டில் அவை இப்படி அமையும்: பணியாளருக்கோ பொதுமக்களுக்கோ உயிரிழப்பு அல்லது காயம், கழிவுநீர் நீர்நிலைகளிலோ குடியிருப்புகளிலோ கலத்தல், பம்புகளும் குழாய்களும் பழுதாதல், வட்டாரத்தின் கழிவுநீர்ச் சேவை நீண்ட நேரம் நின்றுபோதல்.

இந்தப் பட்டியலில் "சர்வர் ஹேக் செய்யப்படுதல்" என்று யாரேனும் எழுதினால், "அதனால் என்ன ஆகும்?" என்று கேளுங்கள். பதில் கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டே இருந்தால், கடைசியில் மேலே உள்ள இழப்புகளில் ஒன்றில் வந்து நிற்கும். எதிலும் வந்து நிற்காவிட்டால் அது இப்போதைக்கு நம் கவலையே அல்ல. இந்த ஒழுங்கைத் தொடக்கத்தில் கடைப்பிடிக்காத குழு, பிறகு இருநூறு அச்சுறுத்தல்களைப் பட்டியலிட்டு எதை முதலில் கவனிப்பது என்று தெரியாமல் திணறும்.

இழப்புகளை எழுதும்போது அமைப்பின் எல்லையையும் சோதித்துக்கொள்ள வேண்டும். 2021 மே மாதம் அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் நிறுவனத்தின் அலுவலகக் கணினிகள், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேரால் முடங்கியபோது, எரிபொருள் குழாயை இயக்கும் கட்டுப்பாட்டு அமைப்பு தாக்கப்பட்டதாகத் தெரியவில்லை. ஆயினும் நிறுவனம் குழாயை நிறுத்தியது. நாட்டின் கிழக்குக் கரையோர மாநிலங்களில் எரிபொருள் தட்டுப்பாடு ஏற்பட்டது. சேவை நிற்பதை இழப்பு என்று எழுதிவைத்தால், அந்தச் சேவை எந்த அலுவலகக் கணினியைச் சார்ந்திருக்கிறது என்ற கேள்வி தானாகவே எழும்.

அடுத்து, ஒவ்வோர் இழப்புக்கும் முந்தைய நிலையை எழுதுங்கள். "சேகரிப்புக் கிணற்றின் நீர்மட்டம் வழியும் அளவைத் தாண்டியிருக்கிறது", "பராமரிப்பில் பணியாளர் இருக்கும்போது பம்ப் இயங்குகிறது" என்பவை அத்தகைய நிலைகள். தாக்குபவர் யார் என்பது நம் கட்டுப்பாட்டில் இல்லை. இந்த நிலைகளை வடிவமைப்பாளரால் கட்டுப்படுத்த முடியும்.

கட்டளைகளின் படம்

இரண்டாவதாக வரைய வேண்டிய படத்தை நெட்வொர்க் வரைபடத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. எந்தக் கருவி எந்தக் கம்பியில் இணைகிறது என்பதை அது காட்டாது. மேலே கட்டளை இடுபவர், கீழே கட்டளைக்கு உட்படுவது, இடையே கீழ்நோக்கிச் செல்லும் கட்டளை அம்பு, மேல்நோக்கி வரும் தகவல் அம்பு ஆகியவையே அதில் இருக்கும். நகராட்சி நிர்வாகம், கட்டுப்பாட்டு அறை இயக்குநர், மத்திய கணினி, நிலையக் கணினி, பம்ப், கிணறு என்று மேலிருந்து கீழாக வரையுங்கள். ஒவ்வொரு கட்டளை இடுபவருக்கும் அருகில், அவர் எதை உண்மை என்று நம்பி அந்தக் கட்டளையை இடுகிறார் என்பதையும் குறிக்க வேண்டும். கட்டுப்பாட்டு அறை இயக்குநர் கிணற்றை நேரில் பார்ப்பதில்லை. திரையில் தெரியும் எண்ணைத்தான் பார்க்கிறார். அந்த எண் பொய்யானால் அவருடைய நேர்மையான முடிவும் தவறாகிவிடும்.

பெரும்பாலான குழுக்கள் இந்தப் படத்தில் மனிதர்களை, குறிப்பாக வெளியாட்களை, வரைய மறந்துவிடுகின்றன. நிலையக் கணினியை அமைக்கும் ஒப்பந்த நிறுவனத்தின் பொறியாளர், பழுது பார்க்க வரும் தொழில்நுட்பர், மென்பொருள் புதுப்பிப்பை அனுப்பும் நிறுவனம் ஆகிய ஒவ்வொருவரும் ஒரு கட்டளை அம்பின் மேல்முனையில் இருக்கிறார்கள். மரூச்சியில் தாக்குதல் நடத்தியவரின் மடிக்கணினி எந்த நெட்வொர்க் வரைபடத்திலும் இடம்பெற்றிருக்க வாய்ப்பில்லை. "நிலையக் கணினியின் அமைப்பை மாற்றக்கூடியவர்கள் யார் யார்?" என்று கேட்டு வரைந்த படத்தில் ஒப்பந்த நிறுவனத்தின் அந்த மேற்பார்வையாளர் கட்டாயம் இருந்திருப்பார். அவர் பணியிலிருந்து விலகும்போது அந்த அம்பு எப்படி அழிக்கப்படும் என்ற அடுத்த கேள்வியும் அங்கேயே எழுந்திருக்கும்.

இந்தப் படம் ஒரே தாளில் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் மேல்நிலையில் ஒன்றும், ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாகவும் வரைந்துகொள்ளுங்கள். பெட்டிகள் பதினைந்தைத் தாண்டிய படத்தை யாரும் கூட்டத்தில் பொறுமையாகப் படிப்பதில்லை.

ஒரு கட்டளையை நான்கு விதமாகக் கேளுங்கள்

இனி உண்மையான வேலை. படத்தில் உள்ள ஒவ்வொரு கட்டளையையும் எடுத்துக்கொண்டு நான்கு கேள்விகள் கேட்க வேண்டும்: இட வேண்டிய நேரத்தில் அது இடப்படாவிட்டால் என்ன ஆகும்? இடக் கூடாத நேரத்தில் இடப்பட்டால் என்ன ஆகும்? முன்பின்னாகவோ வரிசை மாறியோ இடப்பட்டால் என்ன ஆகும்? தேவைக்கு அதிகமாக நீடித்தாலோ சீக்கிரம் முடிந்துவிட்டாலோ என்ன ஆகும்?

"பம்பை நிறுத்து" என்ற ஒற்றைக் கட்டளையைப் பார்ப்போம். கிணறு காலியான பிறகும் அது வராவிட்டால் பம்ப் வறண்டு ஓடிப் பழுதாகும். கிணறு நிரம்பிக்கொண்டிருக்கும்போது வந்தால் கழிவுநீர் வழியும். அடுத்தடுத்த நிலையங்களில் கீழ்நிலையம் முதலில் நின்று மேல்நிலையம் தொடர்ந்து ஓடினால், கீழ்நிலையத்தின் கிணறு அதன் கொள்ளளவை மீறும். ஓட்டு, நிறுத்து என்று மாறி மாறி வேகமாக வந்துகொண்டிருந்தால் மோட்டார் சூடாகிக் கெடும். ஒரே கட்டளையிலிருந்து நான்கு ஆபத்துகள் கிடைத்துவிட்டன; அவற்றை எழுதுவதற்கு எந்த நிறுவனத்தின் கருவி வாங்கப்படும் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

இயக்கக் கட்டளைகளோடு நின்றுவிட வேண்டாம். அலாரத்தை முடக்குதல், நீர்மட்ட எல்லையை மாற்றுதல், நிலையத்தின் அடையாள எண்ணை மாற்றுதல், மென்பொருளை மேலேற்றுதல் ஆகியவையும் கட்டளைகளே. மரூச்சியில் பம்புகள் நின்றதோடு அலாரங்களும் வராமல் போனதால்தான் சேதம் பெருகியது. இத்தகைய அமைப்புமாற்றக் கட்டளைகள் ஆண்டில் ஓரிரு முறையே பயன்படுபவை. அதனாலேயே அவற்றை யாரும் கூர்ந்து பார்ப்பதில்லை.

அது எப்படி நேரும்?

ஆபத்தான கட்டளைகளின் பட்டியல் கிடைத்த பிறகுதான் தாக்குபவரைப் பற்றிப் பேச வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் இரு திசைகளில் காரணம் தேடுங்கள். கட்டளை இடுபவரே தவறாக முடிவெடுக்கும்படி அவருக்கு வரும் தகவல் கெடுக்கப்படலாம். அல்லது அவர் இடாத கட்டளை அவர் பெயரில் வரலாம், இட்ட கட்டளை போய்ச் சேராமல் போகலாம். இந்தக் கட்டத்தில், மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் லோரன் கோன்ஃபெல்டரும் பிரேரித் கர்க்கும் 1999-இல் உருவாக்கிய ஸ்ட்ரைட் என்ற சரிபார்ப்புப் பட்டியல் நன்றாக உதவும். ஆள்மாறாட்டம், தகவலைத் திருத்துதல், செய்ததை மறுத்தல், தகவல் கசிவு, சேவையை முடக்குதல், இல்லாத அதிகாரத்தைப் பெறுதல் என்ற ஆறையும் ஒவ்வோர் அம்பின் மீதும் வைத்துப் பாருங்கள். ஸ்ட்ரைட்டை மட்டுமே வைத்துத் தொடங்கினால் அது அளவில்லாத பட்டியலாகிவிடும். ஆபத்தான கட்டளைகள் கையில் இருக்கும்போது எந்த அம்பில் எது முக்கியம் என்பது தெரிந்துவிடுவதால், அதே பட்டியல் கட்டுக்குள் நிற்கும்.

அதிகாரம் பெற்றவரின் பெயரில் முறையாக வரும் கட்டளையை மறந்துவிடக் கூடாது. 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் மூன்று மின்விநியோக நிறுவனங்களின் துணை மின்நிலையங்கள் துண்டிக்கப்பட்டு ஏறத்தாழ 2,25,000 வாடிக்கையாளர்கள் மின்சாரம் இழந்தபோது, தாக்கியவர்கள் களவாடிய கணக்குகளில் நுழைந்து, இயக்குநர்கள் பயன்படுத்தும் அதே கட்டுப்பாட்டுத் திரைகளிலிருந்துதான் மின்சுற்று முறிப்பான்களைத் திறந்தார்கள். துணை மின்நிலையங்களுக்குக் கட்டளைகளைக் கடத்தும் கருவிகளின் உள்மென்பொருளையும் (firmware) அழித்துவிட்டதால், தொலைவிலிருந்து மீட்க முடியாமல் ஊழியர்கள் நேரில் சென்று கையால் இயக்க வேண்டியிருந்தது. இதிலிருந்து நம் எடுத்துக்காட்டுக்கு எடுத்துக்கொள்ள வேண்டிய கேள்வி தெளிவானது: தொலைக்கட்டுப்பாடு முழுவதும் போய்விட்டால் 142 நிலையங்களையும் கையால் ஓட்ட ஆள் இருக்கிறார்களா, அதற்கான சுவிட்ச் நிலையத்தில் இருக்கிறதா?

ஒரு பகுதியின் மீது வைத்த நம்பிக்கை இன்னொரு பகுதிக்குத் தாவும் இடங்களையும் தேடுங்கள். 2015-இல் சார்லி மில்லரும் கிரிஸ் வாலசெக்கும் ஜீப் செரோக்கி காரை இணையம் வழியாகக் கட்டுப்படுத்திக் காட்டினார்கள். பாட்டு, வழிகாட்டி ஆகியவற்றுக்கான திரைக் கருவி மொபைல் நெட்வொர்க்கில் திறந்திருந்தது. அந்தக் கருவிக்கும் பிரேக், ஸ்டீயரிங் ஆகியவற்றின் தகவல் தடத்துக்கும் இடையே ஒரு சில்லு நின்றது. அந்தச் சில்லின் உள்மென்பொருளைத் திரைக் கருவியிலிருந்தே டிஜிட்டல் கையொப்பச் சரிபார்ப்பு இல்லாமல் மாற்ற முடிந்தது. வரைபடத்தில் இரண்டு பெட்டிகளைப் பிரித்துக்காட்டும் கோடு உண்மையில் ஒரு கதவாக இருந்தது. இறுதியில் 14 லட்சம் வாகனங்களைத் திரும்பப் பெறுவதாக நிறுவனம் அறிவிக்க நேர்ந்தது.

எதை முதலில் கவனிப்பது

வழக்கமான அறிவுரை, நிகழ்தகவையும் பாதிப்பையும் ஒன்று முதல் ஐந்துவரை மதிப்பிட்டுப் பெருக்கி, வண்ணக் கட்டத்தில் போடச் சொல்லும். வடிவமைப்பின் தொடக்கத்தில் இதை நான் பரிந்துரைப்பதில்லை. இன்னும் கட்டப்படாத அமைப்பின் மீது, இன்னும் முடிவெடுக்காத ஒருவர் நடத்தும் தாக்குதலின் நிகழ்தகவு என்னவென்று யாருக்கும் தெரியாது; தெரியாத எண்ணைப் பெருக்கிப் பெறும் எண், கூட்டத்தில் அடக்கமாகப் பேசிய உறுப்பினரின் கவலையை மூடி மறைக்கத்தான் பயன்படுகிறது. மரூச்சி வட்டார நிர்வாகத்திடம் வேலை வேண்டி விண்ணப்பித்து மறுக்கப்பட்ட அந்த முன்னாள் மேற்பார்வையாளரின் கோபத்தை எந்தக் கட்டத்தில் எப்படிப் பதிவு செய்திருக்க முடியும்?

மாறாக, இரண்டே அளவுகோல்களை வையுங்கள். இந்த நிகழ்வு எந்த இழப்பில் போய் முடிகிறது என்பது ஒன்று. இதைத் தடுக்கும் முடிவைப் பிறகு மாற்ற எவ்வளவு செலவாகும் என்பது இன்னொன்று. கடவுச்சொல் விதியை அடுத்த வாரமும் மாற்றலாம். ரேடியோ நெறிமுறை, குறியாக்கத்தைத் தாங்கும் திறன் நிலையக் கணினிக்கு இருக்கிறதா என்பது, குறியாக்கச் சாவிகள் நகராட்சியிடம் இருக்குமா ஒப்பந்ததாரரிடம் இருக்குமா என்பது, அலுவலக நெட்வொர்க்கிலிருந்து கட்டுப்பாட்டு நெட்வொர்க் எங்கே பிரிகிறது என்பது ஆகியவை ஒப்பந்தம் கையெழுத்தான நாளிலேயே உறைந்துவிடும். களத்தில் நிற்கும் கருவிகள் பத்து, பதினைந்து ஆண்டுகள் அங்கேயே இருக்கும். எனவே கடும் இழப்புக்கு இட்டுச்செல்பவையும், முடிவு விரைவில் உறைந்துவிடுபவையும் முதல் வரிசையில் வர வேண்டும்.

ஒப்பந்தத்தில் எழுதக்கூடிய வாக்கியம்

"அமைப்பு பாதுகாப்பாக இருக்க வேண்டும்" என்ற வரியை வைத்து எந்த ஒப்பந்ததாரரையும் எதற்கும் பொறுப்பாக்க முடியாது. பகுப்பாய்வின் ஒவ்வொரு முடிவும் சோதித்துப் பார்க்கக்கூடிய தேவையாக மாற வேண்டும். "ஒவ்வொரு கட்டளையும் அனுப்புபவரின் சாவியால் உறுதிப்படுத்தப்பட வேண்டும், பழைய கட்டளையைப் பதிவு செய்து மீண்டும் அனுப்பினால் நிலையம் அதை நிராகரித்து, நிராகரித்ததைப் பதிவேட்டில் எழுத வேண்டும்" என்பது அத்தகைய தேவை. ஏற்புச் சோதனையில் அதை ஒரு மணி நேரத்தில் செய்துபார்த்துவிடலாம். "ஒப்பந்தப் பணியாளர் விலகிய 24 மணி நேரத்துக்குள் அவருடைய சாவி எல்லா நிலையங்களிலும் செல்லாததாக வேண்டும்" என்பது இன்னொன்று. இதை எழுதும்போதே, 142 நிலையங்களிலும் ஒரே சாவியைப் பயன்படுத்தும் திட்டம் தானாக அடிபட்டுப்போகும்.

பூட்டுகளை அடுக்குவதற்கு முன், ஆபத்தான நிலையையே இல்லாமலாக்க முடியுமா என்று பாருங்கள். கிணற்றில் ஓர் ஃப்ளோட் சுவிட்சைப் பொருத்தி, நீர்மட்டம் ஓர் எல்லையைத் தாண்டினால் தொலைக்கட்டளை என்னவாக இருந்தாலும் பம்ப் நேரடியாக ஓடும்படி கம்பியிலேயே இணைத்துவிட்டால், ரேடியோவில் யார் "நிறுத்து" என்று சொன்னாலும் அது எடுபடாது. இதற்குக் குறியாக்கமும் தேவையில்லை, மென்பொருள் புதுப்பிப்பும் தேவையில்லை. ஆனால் முதலில் எழுதிய நிலைகளில் இரண்டாவதை நினைவில் வையுங்கள்: பணியாளர் பராமரிப்பில் இருக்கும்போது அதே ஃப்ளோட் சுவிட்ச் பம்பை ஓட்டிவிடக் கூடாது. ஆகவே நிலையத்தில், பணியாளர் தன் கையால் பூட்டிச் சாவியை எடுத்துச் செல்லக்கூடிய மின்துண்டிப்பு சுவிட்ச் ஒன்றும் வேண்டும். உயிர்ப்பாதுகாப்புப் பொறியாளரும் தகவல் பாதுகாப்புப் பொறியாளரும் தனித்தனி அறைகளில் உட்கார்ந்திருந்தால் இந்த முரண்பாடு கட்டுமானம் முடிந்த பிறகே வெளிப்படும்.

கோளாறையும் தாக்குதலையும் பிரித்தறிய உதவும் பதிவுகளையும் தேவையாகவே எழுதுங்கள். மரூச்சியில் காரணத்தைக் கண்டுபிடிக்க வாரக்கணக்கில் ஆனதற்கு, எந்தக் கட்டளை எங்கிருந்து வந்தது என்று பார்க்க ஆயத்தமான பதிவு இல்லாததே காரணம். பதிவேடு நிலையக் கணினியில் மட்டும் இருந்தால் போதாது; அந்தக் கணினியை மாற்றக்கூடியவரால் தொட முடியாத இடத்திலும் ஒரு படி இருக்க வேண்டும்.

அனுமானங்களும் மறுபார்வையும்

பகுப்பாய்வின்போது "கட்டுப்பாட்டு நெட்வொர்க்குக்கு இணைய இணைப்பு இல்லை", "ரேடியோ கருவிகள் பூட்டிய அறையில் இருக்கும்" என்பன போன்ற அனுமானங்களை யாரேனும் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அவற்றைத் தனிப் பட்டியலாக எழுதி, ஒவ்வொன்றையும் யார் எந்த இடைவெளியில் சரிபார்ப்பார் என்று பதவிப்பெயரோடு குறியுங்கள். 2019-இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக நெட்வொர்க்கில் இருந்த ஒரு கணினியில் தீநிரல் இருந்ததை இந்திய அணுமின் கழகம் உறுதிசெய்தபோது, அந்தக் கணினி முக்கிய உள் நெட்வொர்க்கிலிருந்து தனித்தே இருந்தது என்றும் விளக்கியது. பிரிவினை என்ற ஒற்றை அனுமானம் எவ்வளவு சுமையைத் தாங்குகிறது என்பதை அந்த விளக்கத்திலேயே பார்க்கலாம். அத்தகைய அனுமானத்தைத் திறப்பு விழாவுக்குப் பின்னும் ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும்.

கூட்டங்களுக்குப் பாதுகாப்பு நிபுணர் மட்டும் போதாது. கட்டுப்பாட்டு அறையில் இரவுப்பணி பார்த்த ஒருவரையும், நிலையங்களுக்கு நேரில் செல்லும் தொழில்நுட்பர் ஒருவரையும் கட்டாயம் அழையுங்கள். எந்த அலாரத்தை எல்லோரும் சத்தம் தாங்காமல் அணைத்துவைக்கிறார்கள், எந்த நிலையத்தின் பூட்டுக்குச் சாவி பக்கத்துக் கடையில் கிடக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

முடிவில் கிடைக்கும் ஆவணம் தாக்குபவருக்கு ஆயத்தமான வழிகாட்டியும் ஆகும் என்பதால், ஒப்பந்தப்புள்ளியோடு சேர்த்து அதைப் பொதுவில் வெளியிட்டுவிடக் கூடாது. தேவைகளை மட்டும் பிரித்தெடுத்துக் கொடுங்கள். பிறகு ஒரு மாற்றக் கோரிக்கை வரும்போது, எடுத்துக்காட்டாக, பராமரிப்புப் பொறியாளர் வீட்டிலிருந்தே நிலையங்களைப் பார்க்க ஒரு மொபைல் செயலி வேண்டும் என்று யாரேனும் கேட்கும்போது, முழுப் பகுப்பாய்வையும் மீண்டும் செய்ய வேண்டியதில்லை. கட்டளைப் படத்தில் அந்தப் புதிய அம்பை வரையுங்கள். அதன் வழியாகப் பார்க்க மட்டும் முடியுமா, கட்டளையும் இட முடியுமா என்று கேளுங்கள். கட்டளை இட முடியும் என்றால் நான்கு கேள்விகளையும் அந்த அம்புக்கு மட்டும் கேட்டு, எந்த அனுமானம் உடைகிறது என்று பட்டியலைப் பாருங்கள். அரை நாள் வேலை. கோரிக்கைக்கு ஒப்புதல் கொடுப்பதற்கு முன்பே அதைச் செய்து முடித்திருக்க வேண்டும்.